தோற்றது மருந்து மட்டும்தான்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு மருத்துவர் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். முதலில், “ரத்தத்துல கிருமி பரவிடுச்சு.” மறுநாள், “கிட்னி அடி வாங்கியிருக்கு, கிரியேட்டினின் ஏறுது, டயாலிசிஸ் தேவைப்படலாம்.” அதற்கும் மறுநாள், “பிளேட்லெட் குறையுது, ஊசி போட்ட இடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது.” கேட்பவர்களுக்கு இவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற மூன்று இடிகள். சிறுநீரக மருத்துவர் ஒருமுறை வருகிறார், ரத்தவியல் மருத்துவர் இன்னொருமுறை வருகிறார், ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

உடலுக்குள் நடப்பதோ ஒரே சம்பவம். கிருமியை எதிர்த்துக் கிளம்பும் அழற்சி, ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. உறைவுகள் நுண்குழாய்களை அடைக்கின்றன. உடலில் நுண்குழாய்கள் மிக நெருக்கமாக முடிச்சிட்டுக் கிடக்கும் இடங்களில் ஒன்று சிறுநீரகம், அதனால் அது சீக்கிரம் அடிபடுகிறது. உறைவதற்கு வேண்டிய பொருள்களெல்லாம் இப்படிச் செலவழிந்த பிறகு, உறைய வேண்டிய இடத்தில் ரத்தம் உறைவதில்லை.

இன்று மருத்துவ மாணவர்கள் பாடமாகப் படிக்கும் இந்தத் தொடர்பை நிறுவியதில் சார்லஸ் எஸ்மோனின் பங்கு மிகப் பெரியது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் பல பத்தாண்டுகள் உழைத்த உயிர்வேதியியலாளர் அவர். 2002இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய கண்டுபிடிப்புகளின் வழியே பிறந்த மருந்து ஒன்று பெரும் ஆரவாரத்துடன் சந்தைக்கு வந்து, பத்தாண்டுகளில் திரும்பப் பெறப்பட்டது. அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணம் நோயாளியைச் சென்று சேர்வதில்லை என்று வாதிடுபவர்களுக்கு வசதியான உதாரணம் இது. அந்த வாதம் தவறு என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ஒரு நொதியின் இரண்டு வேலைகள்

காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கு த்ராம்பின் என்னும் நொதி காரணம். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை வெட்டி, ஃபைப்ரின் இழைகளாக மாற்றுவது அதன் வேலை. 1960இல் டெட்ராய்ட் நகரில் வால்டர் சீகர்ஸின் ஆய்வகம் விநோதமான ஒன்றைக் கண்டது. அதே த்ராம்பின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளையும் உண்டாக்குகிறது என்றார்கள். ‘ஆட்டோப்ரோத்ராம்பின் 2ஏ’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். உறையவைக்கும் நொதியே உறைவைத் தடுக்கும் என்பதைத் துறையில் பலர் ஏற்கவில்லை.

1976இல் ஸ்வீடனின் யோஹான் ஸ்டென்ஃப்ளோ, மாட்டு ரத்தத்திலிருந்து வைட்டமின் கே உதவியால் உருவாகும் ஒரு புதிய புரதத்தைப் பிரித்தார். பிரிக்கும் குழாயிலிருந்து மூன்றாவதாக வெளிவந்த தொகுதியில் இருந்ததால் அது ‘புரோட்டீன் சி’ ஆயிற்று. பழைய ஆட்டோப்ரோத்ராம்பினும் இதுவும் ஒன்றே என்று சீகர்ஸ் தரப்பு அதே ஆண்டில் காட்டியது. ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. சோதனைக் குழாயில் த்ராம்பின் புரோட்டீன் சியைத் தூண்டும் வேகம் மிகமிகக் குறைவு. அந்த வேகத்தில் உடலுக்கு எந்தப் பயனும் இருக்க முடியாது.

எஸ்மோன் இந்தக் கேள்விக்கு வந்துசேர்ந்த வழி நேரானதல்ல. செயின்ட் லூயிஸில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் சட்டியின் ஆய்வகத்தில் வைட்டமின் கே என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். இதய வால்வு மாற்றியவர்கள் இன்றும் விழுங்கும் வார்ஃபரின் மாத்திரை பிறந்த பல்கலைக்கழகம் அது. கெட்டுப்போன தீவனத்தைத் தின்று ரத்தம் கசிந்து செத்த மாடுகளைப் பற்றிய ஆய்விலிருந்து கார்ல் பால் லிங்க் கண்டெடுத்த வேதிப்பொருளின் வழிவந்த மருந்து அது, முதலில் எலி விஷமாகத்தான் விற்றது. மாட்டுத் தீவனத்தை ஆராய்ந்தபோது இதய நோயாளிகளை யார் நினைத்திருப்பார்கள்?

த்ராம்பினுக்குத் துணைபோகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இல்லாமல் ரத்தக் குழாயின் சுவரில் இருக்கலாம் என்று எஸ்மோனும் அவருடைய சகா வைட் ஓவனும் யோசித்தார்கள். சோதனை எளிமையானது. முயலின் இதயத்தைத் தனியே எடுத்துத் துடிக்கவைத்து, அதன் நுண்குழாய்களின் வழியே புரோட்டீன் சியும் த்ராம்பினும் கலந்த திரவத்தைச் செலுத்தினார்கள். மறுபுறம் வெளியேறிய திரவத்தை அளந்தார்கள். புரோட்டீன் சி தூண்டப்பட்டிருந்தது, த்ராம்பின் தனியே செய்வதைப்போலக் குறைந்தது 20,000 மடங்கு வேகத்தில்! 1981இல் இது வெளியானது. அடுத்த ஆண்டே எஸ்மோன், அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான நவோமி எஸ்மோன், ஓவன் மூவரும் முயலின் நுரையீரலிலிருந்து அந்தத் துணைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் த்ராம்போமாடுலின்.

இதன் அழகு நுண்குழாயில்தான் தெரியும். பெரிய தமனியில் ஓடும் ரத்தத்தில் பெரும்பகுதி குழாய்ச் சுவரைத் தொடுவதே இல்லை. ஒரே ஒரு சிவப்பணு நெருக்கிக்கொண்டு போகுமளவு குறுகிய தந்துகியிலோ ரத்தத்தின் ஒவ்வொரு துளியும் சுவரை உரசியே தீர வேண்டும். அங்கே வந்துசேரும் த்ராம்பினைச் சுவரில் உள்ள த்ராம்போமாடுலின் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட த்ராம்பினால் ஃபைப்ரின் இழை பின்ன முடியாது. அது புரோட்டீன் சியைத் தூண்டுகிறது, தூண்டப்பட்ட புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் துணையுடன் உறைவுச் சங்கிலியின் ஐந்தாம், எட்டாம் காரணிகளை வெட்டி வீழ்த்துகிறது. காயத்தில் உறைவை உண்டாக்கும் நொதி, காயமில்லாத நுண்குழாயில் உறைவைத் தடுக்கிறது. சீகர்ஸ் சொன்னது சரிதான். அதை நம்பவைக்க இருபது ஆண்டுகள் ஆயிற்று.

அழற்சி வந்தால் சிறுநீரகம் ஏன் அடிபடுகிறது?

கடும் தொற்றில் உடல் வெளியிடும் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் குழாய்ச் சுவரின் செல்களைத் தொட்டதும், அவை த்ராம்போமாடுலினை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகின்றன. இதைக் காட்டியவற்றில் எஸ்மோனின் ஆய்வகமும் ஒன்று. அதே நேரத்தில் உறைவைத் தொடங்கிவைக்கும் ‘திசுக் காரணி’ பெருகுகிறது. அதாவது தடுப்பு போகிறது, தூண்டுதல் கூடுகிறது. இப்படி உருவாகும் த்ராம்பின் செல்களின் ஏற்பிகளைத் தட்டி அழற்சியை மேலும் கிளறுகிறது. அழற்சி உறைவை வளர்க்க, உறைவு அழற்சியை வளர்க்க, நோயாளி இடையில் மாட்டிக்கொள்கிறார்.

1987இல் ஃப்ளெட்சர் டெய்லருடன் சேர்ந்து எஸ்மோன் குழு வெளியிட்ட ஆய்வு இதை உயிருள்ள உடலில் நிரூபித்தது. கொல்லும் அளவுக்கு ஈகோலை பாக்டீரியா செலுத்தப்பட்ட பபூன் குரங்குகள், தூண்டப்பட்ட புரோட்டீன் சி கொடுத்தபோது பிழைத்தன. அதைவிட முக்கியமானது அந்த ஆய்வின் மறுபாதி. புரோட்டீன் சியை முடக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தால், சாதாரணமாகக் கொல்லாத அளவு பாக்டீரியாவே குரங்கைக் கொன்றது. நம் உடல் அன்றாடம் எதைக் கொண்டு தப்பிக்கிறது என்பதை இந்த மறுபாதிதான் சொன்னது.

சிறுநீரகத்துக்கு வருவோம். இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் குளோமெருலஸ்கள், அதாவது தந்துகிகள் சுருண்டு கிடக்கும் முடிச்சுகள். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இவை வடிக்கின்றன. இவ்வளவு வேலை வாங்கும் சுவரில் த்ராம்போமாடுலின் குறைந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

பிறவியிலேயே அந்தப் புரதம் பழுதாக இருந்தால்? சிறுநீரக நுண்குழாய்கள் அடைபட்டு, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் ‘ஏஎச்யூஎஸ்’ என்ற அரிய நோய் இருக்கிறது. 2009இல் அந்த நோயாளிகள் 152 பேரைச் சோதித்ததில் ஏழு பேருக்கு த்ராம்போமாடுலின் மரபணுவில் பிழை இருந்தது. எஸ்மோன் தம்பதியும் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள். நீரிழிவிலும் இதே கதை உண்டு. ஜெர்மனியில் பெரெண்ட் இசர்மான் குழுவினர் 2007இல் நீரிழிவு எலிகளை ஆராய்ந்து, தூண்டப்பட்ட புரோட்டீன் சி குறைவதால் குளோமெருலஸின் செல்கள் மடிகின்றன என்றும், அது போதிய அளவில் இருந்தால் அச்செல்கள் காக்கப்படுகின்றன என்றும் காட்டினார்கள். அங்கே அந்தப் புரதம் உறைவைத் தடுப்பவனாக மட்டும் வேலை செய்யவில்லை, செல்லுக்கு ‘சாகாதே’ என்று நேரடியாகச் சேதி சொல்கிறது. எலியில் கண்டது மனிதரில் மருந்தாக இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வண்டி எதிர்த்திசையிலும் ஓடும். ‘நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்’ வந்தவருக்குச் சிறுநீர் நுரைக்கும், முகமும் காலும் வீங்கும், அல்புமின் கொட்டிப் போகும். அல்புமினோடு சேர்ந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதமும் சிறுநீரில் போய்விடுகிறது. அதனால்தான் அவர்களில் சிலருக்குக் காலிலும் சிறுநீரகச் சிரையிலும் ரத்தம் கட்டுகிறது. வீங்கிய இரண்டு கால்களில் ஒன்று மட்டும் திடீரெனக் கூடுதலாக வீங்கி வலித்தால், அது ‘நீர்’ என்று விட்டுவிடக் கூடாது.

எழுந்து விழுந்த மருந்து

புரோட்டீன் சி குரங்கைக் காப்பாற்றினால் மனிதரையும் காப்பாற்றாதா? ‘எலி லில்லி’ நிறுவனம் தூண்டப்பட்ட புரோட்டீன் சியை மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்தது. கடும் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலையில் இருந்த நோயாளிகள் 1,690 பேரிடம் நடந்த சோதனை 2001இல் வெளியானது. மருந்து பெறாதவர்களில் 30.8 சதவீதம் பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 24.7 சதவீதம். செப்சிஸுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவ உலகம் துள்ளியது.

சந்தேகங்கள் அப்போதே இருந்தன. சோதனை நடக்கும்போதே அதன் விதிகள் மாற்றப்பட்டிருந்தன. பலன் தெரிகிறது என்று சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ரத்தக்கசிவு கூடுதலாக இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவில் வாக்கு பத்துக்குப் பத்து என்று சமமாகப் பிரிந்தது. இருந்தும் 2001 நவம்பரில் ‘சைக்ரிஸ்’ என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. ஒரு நோயாளிக்குச் சுமார் 6,800 டாலர் செலவு. அடுத்து, நோய்த் தீவிரம் குறைந்தவர்களிடமும் குழந்தைகளிடமும் நடந்த சோதனைகள் பலனில்லை என்று நிறுத்தப்பட்டன. மருந்தைப் பரிந்துரைத்த சிகிச்சை வழிகாட்டுதல்களுக்குப் பின்னால் அந்நிறுவனத்தின் விளம்பரத் திட்டமும் பணமும் இருந்ததாக 2006இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்களே புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். கடைசியில் 1,697 பேரிடம் இன்னொரு பெரிய சோதனை. மருந்து பெற்றவர்களில் இறந்தோர் 26.4 சதவீதம், பெறாதவர்களில் 24.2 சதவீதம். 2011 அக்டோபரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

இங்கே எது தோற்றது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். செப்சிஸ் என்பது ஒரே நோயாளியின் ஒரே நோய் அல்ல. நிமோனியா வந்த முதியவரையும் குடல் துளையான இளைஞரையும் ஒரே பட்டியலில் போட்டு, புரோட்டீன் சி யாருக்குக் குறைந்திருக்கிறது என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைச் செலுத்தினால் கிடைக்கும் விடை அப்படித்தான் இருக்கும் என்பது என் கருத்து. அதோடு அந்த மருந்து ரத்தக்கசிவையும் கொண்டுவந்தது. வணிக அவசரம் அறிவியலை முந்திக்கொண்டு ஓடியது. த்ராம்போமாடுலின் பற்றிய உண்மையில் இதனால் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மாறவில்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. புரோட்டீன் சி அறவே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிகச் சிலர். பிறந்த சில நாள்களிலேயே அவர்களின் தோல் கருநீலத் திட்டுகளாக வெந்து கருகும், கண்ணும் மூளையும் பாதிக்கப்படும். அவர்களுக்கான புரோட்டீன் சி மருந்துக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது. அது எஸ்மோனின் உழைப்பு தந்த இன்னொரு கொடை. ஜப்பானில் செப்சிஸோடு வரும் பரவலான ரத்த உறைவுக்கு த்ராம்போமாடுலினே மருந்தாக 2008 முதல் புழங்குகிறது. (2019இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில் அது இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, அதையும் மறைக்க வேண்டியதில்லை.) ரத்தக்கசிவை உண்டாக்காமல் செல்களைக் காக்கும் வேலையை மட்டும் செய்யும்படி புரோட்டீன் சியில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றி, பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.

எஸ்மோனும் தளர்ந்துவிடவில்லை. சைக்ரிஸ் இன்னும் சந்தையில் இருந்த 2009ஆம் ஆண்டிலேயே அவர் குழு வேறொரு கேள்விக்கு விடை கண்டிருந்தது. செல்லுக்குள் மரபணு இழையைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்கள், செல் மடிந்து வெளியே சிந்தும்போது நஞ்சாகி, அழற்சியால் வரும் சாவுக்கு முக்கியக் காரணமாகின்றன என்றும், தூண்டப்பட்ட புரோட்டீன் சி அவற்றை வெட்டி அடக்குகிறது என்றும் காட்டினார்கள். சில ஆண்டுகளில், மடியும் சிறுநீரக செல்களிலிருந்து கசியும் ஹிஸ்டோன்களே சிறுநீரகத்தை மேலும் காயப்படுத்துகின்றன என்று மியூனிக் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். டயாலிசிஸ் செய்தும் சிலருக்குச் சிறுநீரகம் மீளாததற்கு ஒரு காரணம் இதில் இருக்கக்கூடும்.

நம் வார்டில் இருக்கும் கேள்வி

இந்த அறிவியல் ஓக்லஹோமாவோடு நிற்பதில்லை. கண்ணாடி விரியன் கடித்து அரசு மருத்துவமனைக்கு வருபவரிடம் அது அப்படியே தெரியும். அந்த விஷம் உறைவுச் சங்கிலியின் ஐந்தாம், பத்தாம் காரணிகளை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. ஃபைப்ரினோஜன் முழுக்கச் செலவழிந்து ரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது, பலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. மருத்துவர் செய்யும் முதல் சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். சுத்தமான, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தவறும், கண்ணாடிதான் உறைவைத் தொடங்கிவைக்கிறது.

இதே விஷத்தை லண்டனில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் 1934இலேயே ஹீமோஃபீலியா நோயாளிகளின் ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படுத்தினார்கள். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில், அடிக்கடி ரத்தக்கட்டும் கருச்சிதைவும் ஏற்படுத்தும் ஒரு நோயைக் கண்டறியும் சோதனையில் நீர்த்த கண்ணாடி விரியன் விஷம் சேர்க்கப்படுகிறது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தருகிறது. பாம்பு நம் வயலில் இருக்கிறது, விஷம் எடுக்கும் கை நம்முடையது, கடிபட்டவர் நம் வார்டில் படுத்திருக்கிறார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஒரே விஷம் ஏறிய இருவரில் ஒருவருக்கு மட்டும் சிறுநீரகம் ஏன் போகிறது, அவருடைய குழாய்ச் சுவரில் த்ராம்போமாடுலினுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை நம்மைவிடப் பொருத்தமாகக் கேட்கக்கூடியவர்கள் யார்?

கேட்பதற்கான வசதியை நாம் செய்துதரவில்லை. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் (2020-21). ஒரு நாளில் இருநூறு நோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவரிடம் ஆராய்ச்சியும் செய் என்று சொல்வது நியாயமல்ல. ஓக்லஹோமாவில் நடந்தது வேறு. முயலின் இதயத்தில் 1981இல் தொடங்கிய கேள்வியை 2009 வரை விடாமல் துரத்த ஒரு விஞ்ஞானிக்கு ஆய்வகமும் சம்பளமும் சகாக்களும் தொடர்ந்து கிடைத்தன. இடையில் வந்த தோல்விக்காக யாரும் கதவை மூடவில்லை.

2022 ஜனவரியில் மட்டும் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பாம்புக்கடியும் செப்சிஸும் பிரசவத்துக்குப் பிந்தைய சிறுநீரகச் செயலிழப்பும் மிகுதியாக வரும் கல்லூரிகளில் சிலவற்றையாவது தேர்ந்தெடுத்து, நோயாளிகளின் ஒப்புதலுடன் ரத்த, சிறுநீர் மாதிரிகளைச் சேமிக்கும் வசதியை அரசு உருவாக்க வேண்டும். சிறுநீரகம், ரத்தவியல், தொற்றுநோய் என்று பிரிந்து கிடக்கும் துறைகளின் மருத்துவர்களோடு உயிர்வேதியியலாளர்களையும் ஒரே குழுவாக நியமித்து, வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் வார்டுப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். மூன்று ஆண்டில் மருந்து எங்கே என்று கேட்காமல், பத்து ஆண்டுகளுக்கு உறுதியான நிதியும், ஆய்வு மாணவர்களுக்குத் தாமதமில்லாத உதவித்தொகையும் தர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கான முதல் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும்.